ஐம்பத்தோராயிரத்து இருநூறு கோடி: அலுவிகாரை மரபும் ஒரு பேரெண்ணும்

மாத்தளை நகரிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியிலே, ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், பெரும்பாறைகளுக்கிடையே அமைந்துள்ள குகைத் தொகுதியே அலுவிகாரை. வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டிலே பொறிக்கப்பட்ட இடம் இதுவெனப் பௌத்த மரபு கூறும். எழுத்தின் வரலாற்றிலும் சமய வரலாற்றிலும் அலுவிகாரை பெறும் இடம் பலராலும் விதந்துரைக்கப்பட்டுள்ளது. ஆயின் எண்ணின் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு என்பது பெரிதும் கவனிக்கப்படாத செய்தியாகும். அங்கு எழுதப்பட்ட நூற்றொகுதியோடு தொடர்புடைய ஒரு பேரெண், ஐம்பத்தோராயிரத்து இருநூறு கோடி. அதன் கணிதப் பண்புகளை ஆராயுமிடத்து, ஒரு பாடம் எவ்வாறு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்பது புலனாகின்றது.

வரலாற்றுச் சூழல்

வட்டகாமணி அபயன் கி.மு. 103இல் அனுராதபுரத்தில் அரியணை ஏறினான். சில மாதங்களுள் அவன் அரசிழந்தான். அதன்பின் புலகத்தன், பாகியன், பணயமாறன், பிளயமாறன், தாதிகன் எனத் தமிழ் மன்னர் ஐவர் அடுத்தடுத்து ஆண்டனர் என மகாவம்சம் குறிப்பிடுகின்றது. கி.மு. 89இல் வட்டகாமணி மீண்டும் அரசு பெற்றுக் கி.மு. 77 வரை ஆண்டான். இக்காலத்தை ஒட்டி நாட்டிலே கலகமும் கடும் பஞ்சமும் நிலவின. பஞ்சத்தாலே பிக்குகள் பலர் மாண்டனர். பலர் கடல் கடந்து சென்றனர். எஞ்சியோர் கிழங்கையும் இலையையும் உண்டு, மனனம் செய்த பாடங்கள் மறந்துபோகாவண்ணம் ஓதிக்கொண்டிருந்தனர் என உரைநூல்கள் கூறுகின்றன.

அக்காலத்து இடர் எத்தகையது என்பதை விநய பிடகத்தின் உரையாகிய சமந்தபாசாதிகையிற் காணப்படும் ஒரு செய்தி தெளிவாகக் காட்டும். மகாநித்தேசம் என்னும் நூலை முழுவதும் அறிந்தவர் ஒரேயொரு பிக்குவே எஞ்சியிருந்தார். அவரோ ஒழுக்கத்திற் குறையுடையவர் எனக் கருதப்பட்டவர். எனினும் அவரிடமே பாடங்கேட்டு அந்நூலை மீட்கவேண்டிய நிலை மற்றையோருக்கு ஏற்பட்டது. ஒரு நூலின் வாழ்வு ஒரு மனிதனின் நினைவிலே தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. இத்தகைய அனுபவத்தின் பின்னரே பிக்குகள் ஒன்றுகூடித் திரிபிடகத்தையும் அதன் உரையையும் எழுத்தில் வடித்தனர். மகாவம்சம் இந்நிகழ்ச்சியைக் கூறினும் இடத்தின் பெயரைக் கூறவில்லை. அதனை மாத்தளை அலுவிகாரையோடு இணைப்பவை பிற்கால நூல்களும் விகாரையின் மரபுமாகும்.

எழுதுவதற்கு முன்பு ஒரு வினா எழுந்திருத்தல் வேண்டும். ஓதுபவர் கூறும் பாடம் சரியானது என்பதை எவ்வாறு அறிவது? சொற்களைப் பொறுத்தவரை யாப்பும், திரும்பத் திரும்ப வரும் தொடர்களும், கூட்டாக ஓதும் வழக்கமும் காவலாக நின்றன. பெயர்ப் பட்டியல்களையும் அளவுகளையும் பொறுத்தவரை இக்காவல் போதாது. பத்துப் பெயர்களுள் ஒன்று விடுபட்டாலும் வாக்கியம் வாக்கியமாகவே நிற்கும். இங்கேதான் எண்ணின் துணை வேண்டப்படுகின்றது.

எள் வண்டியும் பத்து நரகங்களும்

கோகாலிகன் என்னும் பிக்கு, சாரிபுத்தர் மீதும் மொக்கல்லானர் மீதும் பழி கூறினான். புத்தர் தடுத்தும் அவன் அடங்கவில்லை. அதன் பயனாக நோயுற்று மாண்டு, பதுமம் எனப்படும் நரகத்தை அடைந்தான். இக்கதை சுத்தநிபாதம், சங்யுத்த நிகாயம், அங்குத்தர நிகாயம் ஆகிய மூன்றிலும் இடம்பெறுகின்றது. அந்நரகத்தில் வாழ்நாள் எவ்வளவு என ஒரு பிக்கு வினவ, அதனை ஆண்டுகளாற் கூறுதல் எளிதன்று எனக் கூறிய புத்தர், ஓர் உவமையால் அதனை விளக்குகின்றார்.

கோசல நாட்டு அளவையால் இருபது ‘காரி’ எள் ஏற்றிய வண்டியொன்று உண்டு எனக் கொள்க. நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவன் அதிலிருந்து ஓர் எள்ளை மட்டும் எடுக்கின்றான். வண்டி வெறுமையாகிவிடும், ஆயின் அப்புதம் என்னும் நரகத்தின் காலம் முடிவுறாது. அத்தகைய அப்புதம் இருபது சேர்ந்தால் ஒரு நிரப்புதம். நிரப்புதம் இருபது சேர்ந்தால் ஓர் அபபம். இவ்வாறே அஹஹம், அடடம், குமுதம், சோகந்திகம், உற்பலம், புண்டரீகம் என ஒவ்வொன்றும் முன்னையதைப்போல் இருபது மடங்காக வளர்ந்து, பத்தாவதாகப் பதுமத்தில் முடிகின்றது.

உவமையின் பருமனை இன்றைய அறிவு கொண்டு சிறிது மதிப்பிடலாம். ஓர் எள்ளின் நிறை ஏறத்தாழ மூன்று மில்லிகிராம். வண்டியின் சுமை ஆயிரம் கிலோகிராம் எனக் கொண்டால், அதில் 33 கோடிக்கும் மேற்பட்ட எள் இருக்கும். நூறு ஆண்டுக்கு ஒன்றாக எடுத்தால் வண்டி வெறுமையாக 3,300 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய வானியலார் கணிப்பு. எனவே முதற்படியாகிய ஒரேயொரு வண்டியே அண்டத்தின் வயதை விஞ்சிவிடுகின்றது. அதன்மேல் ஒன்பது படிகள் உள்ளன.

செய்யுள் கூறும் எண்

சுத்தநிபாதத்தில் இக்கதையின் இறுதியிலே இரு செய்யுள்கள் உள்ளன. அவற்றுள் முதலாவது, பதும நரகத்துக்குரிய எள் வண்டிகளை அறிஞர் எண்ணிக் கணக்கிட்டனர் என்று கூறி, அவற்றின் தொகையையும் தருகின்றது. ஐந்து ‘நகுதம்’ கோடியும், மேலும் பன்னிரண்டு நூறு கோடியும் என்பதே அத்தொகை. நகுதம் என்பது பதினாயிரம். ஆகவே ஐந்து நகுதம் கோடி 50,000 கோடியாகும்; பன்னிரண்டு நூறு கோடி 1,200 கோடியாகும். இரண்டும் சேர 51,200 கோடி. இன்றைய முறையில் எழுதின் 512,000,000,000.

இத்தொகை எங்கிருந்து வந்தது? பெயர்கள் பத்து, ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்குச் செல்லும் படிகள் ஒன்பது. ஒவ்வொரு படியும் இருபது மடங்கு. ஆகவே ஓர் அப்புதத்தை ஒரு வண்டிக்குச் சமமாகக் கொண்டால், பதுமம் இருபதின் ஒன்பதாம் வலுவுக்குச் சமமான வண்டிகளைக் கொள்ளும். இருபது என்பது இரண்டு பெருக்கல் பத்து. இரண்டை ஒன்பது முறை பெருக்கினால் 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512 எனச் சென்று 512இல் முடியும். பத்தை ஒன்பது முறை பெருக்கினால் நூறு கோடி. ஆகவே விடை 512 நூறு கோடி; அதாவது 51,200 கோடி. செய்யுள் கூறுவதும் அதுவே. ஓரலகும் கூடவில்லை, ஓரலகும் குறையவில்லை.

செய்யுளின் சொல்லமைப்பு மேலும் ஒன்றை உணர்த்துகின்றது. ஐம்பத்தோராயிரத்து இருநூறு என்று கூறாது, ஐந்து பதினாயிரமும் பன்னிரண்டு நூறும் எனப் பிரித்துக் கூறியது ஏன்? யாப்பின் தேவை ஒரு காரணமாகலாம். ஆனால் கணக்கிட்ட முறையும் அதிலே பதிந்திருத்தல் கூடும். 512 நூறு என்னும் தொகையை ஐந்நூறு நூறு எனவும் பன்னிரண்டு நூறு எனவும் பிரித்தால், முன்னது ஐந்து பதினாயிரமாகிவிடும். பின்னது பன்னிரண்டு நூறாகவே நிற்கும். இரட்டித்து இரட்டித்து 512ஐ அடைந்த ஒருவர் விடையை இவ்வாறு உரைப்பது இயல்பே.

இக்கணக்கு நிகழ்ந்த காலத்து எழுத்து முறையையும் எண்ணிப் பார்த்தல் தகும். பழைய பிராமி எண் குறிகளில் பூச்சியம் இல்லை. ஒன்று முதல் ஒன்பது வரைக்கும், பத்துகளுக்கும், நூறு ஆயிரம் என்பவற்றுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. பழந்தமிழ் எண் முறையும் அத்தகையதே. 51,200 என்பது அம்முறையில் ௫௰௧௲௨௱ என எழுதப்படும். பூச்சியத்தோடு கூடிய கணக்கின் விதிகளைப் பிரமகுப்தர் வகுத்தது கி.பி. 628இலேயே. எனவே இப்பேரெண் வரிவடிவத்திலன்றிச் சொல்வடிவத்திலேயே வாழ்ந்தது.

எண்ணின் பண்புகளும் பாடச் சோதனையும்

51,200 கோடியைக் காரணிப்படுத்தினால் இரண்டின் பதினெட்டாம் வலுவும் ஐந்தின் ஒன்பதாம் வலுவும் கிடைக்கும். வேறு எம்முதன்மை எண்ணும் அதனை வகுக்காது. அதன் காரணிகளின் தொகை பத்தொன்பது பெருக்கல் பத்து, அதாவது 190. அது 8,000இன் கனம், ஆகவே நிறைகனம். ஐந்தின் வலு ஒற்றைப்படையானதால் நிறைவர்க்கமாகாது. ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு. இருபத்தொன்றால் வகுக்குமிடத்து ஒன்று குறைகின்றது. அதாவது அதனோடு ஒன்றைக் கூட்டினால் இருபத்தொன்றால் மீதியின்றி வகுபடும். இருபது என்பது இருபத்தொன்றில் ஒன்று குறைந்தது என்பதும், படிகள் ஒற்றைப்படை என்பதுமே இதற்குக் காரணம்.

இப்பண்புகளுள் முதலாவது, பாட ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது. இருபதைத் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பெறும் எந்த எண்ணிலும் இரண்டும் ஐந்துமன்றிப் பிற முதன்மைக் காரணி இருத்தல் இயலாது. ஓதுபவர் பிழைபட்டுப் பன்னிரண்டு நூறு என்பதைப் பத்து நூறு எனக் கூறினார் எனக் கொள்க. தொகை 51,000 கோடியாகும். 51 என்பது மூன்று பெருக்கல் பதினேழு. பிழை உடனே வெளிப்படும். பன்னிரண்டு பதின்மூன்றாக மாறினால் 513 கிடைக்கும். அது 27 பெருக்கல் 19. பன்னிரண்டு இரண்டாகச் சுருங்கினால் 502 கிடைக்கும். அது 251 என்னும் முதன்மை எண்ணின் இருமடங்கு. ஐந்து ஆறாகத் திரிந்தால் 612 கிடைக்கும். அங்கும் மூன்றும் பதினேழும் தலைகாட்டும். எண்ணிலே நேரும் சிறு திரிபு எதுவும் மறைந்திருக்க இயலாது.

மறுபுறத்தில் உரைநடைப் பட்டியலை எண் காக்கின்றது. பத்துப் பெயர்களுள் ஒன்று விடுபட்டால் படிகள் எட்டாகும். தொகை 2,560 கோடியாகக் குறையும். பெயரொன்று புதிதாகப் புகுந்தால் 10,24,000 கோடியாகப் பெருகும். செய்யுள் கூறும் 51,200 கோடி பத்துப் பெயர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே பட்டியலுக்குச் செய்யுள் சான்று. செய்யுளுக்குப் பட்டியல் சான்று.

இச்சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. அஹஹமும் அடடமும் எல்லாப் பாடங்களிலும் ஒரே வரிசையில் வருவதில்லை. சிலவற்றில் இடம் மாறி நிற்கின்றன. பெருக்கலில் வரிசை மாறினும் விடை மாறாது. ஆதலால் எத்தனை பெயர் என்பதை எண் காத்தது. எது முன், எது பின் என்பதை அதனாற் காக்க இயலவில்லை. பாடவேறுபாடு துல்லியமாக எண்ணின் காவல் சென்றடையாத இடத்திலேயே தோன்றியிருப்பது சிந்திக்கத்தக்கது.

சொற்பொருள் ஆராய்ச்சிக்கும் இவ்வெண் உதவுகின்றது. நகுதம் என்னும் சொல்லுக்குப் பாளி மரபில் இரு பொருள்கள் உள. பழைய நூல்களில் அது பதினாயிரம். பிற்காலத்துக் கச்சாயன இலக்கணத்திலும், கி.பி. 12ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட அபிதானப்பதீபிகை என்னும் நிகண்டிலும் அது பத்தின் இருபத்தெட்டாம் வலு. செய்யுளிற் பின்னைய பொருளைக் கொண்டால் தொகை எள் வண்டிக் கணக்கோடு ஒருசிறிதும் பொருந்தாது. பதினாயிரம் எனக் கொண்டால் முற்றாகப் பொருந்துகின்றது. அகராதி தீர்க்கவேண்டிய ஐயத்தைப் பெருக்கல் தீர்த்துவைக்கின்றது.

செய்யுளின் காலம்

இவ்விடத்தில் ஒரு வினாவைத் தவிர்த்தல் முறையன்று. அலுவிகாரையில் எழுதப்பட்ட பாடத்தில் இச்செய்யுள் இருந்ததா? சுத்தநிபாதத்தின் உரையாகிய பரமத்தசோதிகை, இறுதி இரு செய்யுள்களும் மகாஅட்டகதை என்னும் பழைய உரையிலே தீர்மானிக்கப்பட்ட பாடத்தில் இல்லை என ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றது. அப்பழைய உரை இன்று கிடைக்கவில்லை. எனவே எள் வண்டி உவமையும் பத்துப் பெயர்களும் பழைய பாடத்துக்குரியவை எனவும், தொகையைக் கூறும் செய்யுள் பின்னர் வந்து சேர்ந்தது எனவும் கொள்ளுதல் பொருந்தும்.

இதனால் எண்ணின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. செய்யுள் தானே ‘அறிஞர் எண்ணினர்’ என்ற கருத்தைக் கூறுகின்றது. பாடத்தைப் பெற்ற யாரோ சிலர் அதனை வாளா ஓதிவிட்டுச் செல்லவில்லை, கணக்கிட்டுப் பார்த்தனர், விடையைச் செய்யுளாக்கிப் பாடத்தின் இறுதியில் வைத்தனர். உரையாசிரியரோ அச்சேர்க்கையை நீக்கவுமில்லை, அதன் நிலையை மறைக்கவுமில்லை. கணக்கிட்டவரின் கூர்மையும் உரையாசிரியரின் நேர்மையும் ஒருங்கே போற்றத்தக்கன.

மலர்ப் பெயர்களும் தமிழ் மரபும்

குமுதம், உற்பலம், புண்டரீகம், பதுமம் என்பன நீர்ப்பூக்களின் பெயர்கள். அபிதானப்பதீபிகை தரும் எண் வரிசையிலே கோடி முதல் அசங்கியம் வரை இருபது பெயர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் முன்னையதன் கோடி மடங்கு. இறுதியாகிய அசங்கியம் பத்தின் நூற்றுநாற்பதாம் வலு. எண்ணற்கரியது என்னும் பொருளுடைய சொல்லே 141 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணுக்குப் பெயராயிற்று. கோகாலிகன் கதையில் வரும் பத்துப் பெயர்களும் இவ்வரிசையில் எட்டாம் இடம் முதல் பதினேழாம் இடம் வரை, நடுவே சிறிது வரிசை மாறி, தொடர்ந்து நிற்கின்றன. அப்புதத்துக்கும் பதுமத்துக்கும் இடையே இங்கும் ஒன்பது படிகளே. ஆனால் படியின் அளவு இருபது அன்று, கோடி. ஆதலால் இடைவெளி பத்தின் அறுபத்துமூன்றாம் வலுவாகின்றது. கிரேக்க அறிஞர் ஆக்கிமிடீசு கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அண்டத்தை நிரப்பும் மணல்களுக்கு மேலெல்லையாகக் கணக்கிட்ட எண்ணும் அதுவே என்பது சுவையான ஒற்றுமை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை எனினும், ஒருவர் மணலையும் மற்றவர் எள்ளையும் கொண்டு பேரெண்ணை அளக்க முயன்றமை மனித அறிவின் பொதுப் போக்கைக் காட்டும்.

தமிழ் மரபு இதற்குப் புறம்பானதன்று. ஐ, அம், பல் என்னும் இறுதிகளையுடைய பேரெண் பெயர்களுக்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதி கூறுகின்றது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பவற்றை உரையாசிரியர் எடுத்துக்காட்டாகத் தருவர். பரிபாடலின் இரண்டாம் பாடல் ஊழிக் காலங்களைக் குறிக்க நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் பெயர்களைக் கையாளுகின்றது. குமுதம் ஆம்பலையும், உற்பலம் குவளையையும், பதுமம் தாமரையையும் ஒத்தல் வெளிப்படை. யார் யாரிடம் பெற்றனர் என்று முடிவுகட்ட முற்படுவதிலும், பாக்கு நீரிணையின் இருமருங்கிலும் வாழ்ந்தோர் குளத்துப் பூக்களைக் கண்டு பேரெண்களுக்குப் பெயரிட்ட பொதுமையை உணர்தலே பயனுடையது. பாளி உரை மரபிலே சோழநாட்டுப் புத்ததத்தர் போன்ற தென்னாட்டார் பங்குகொண்டமையும் இப்பொதுமைக்கு அரணாகும்.

முடிபு

எழுத்து நிலையானது, நினைவு நிலையற்றது என்னும் கருத்தாலேயே திரிபிடகம் ஏட்டில் ஏறியது. ஆயின் ஏடும் அழிவுக்கு உட்பட்டதே. கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் தலைமை தாங்கிய 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சிக் காலத்தில் அலுவிகாரையின் பழைய ஏட்டுத் தொகுதி அழிவுற்றதாக விகாரை மரபு கூறும். பாடம் பிற இடங்களிற் படியெடுக்கப்பட்டிருந்தமையால் எஞ்சியது. நினைவு, எழுத்து, பலபடிகள் ஆகிய மூன்றோடு நான்காவது காவலாகக் கணக்கையும் சேர்த்தல் வேண்டும். நினைவு பிசகினும், எழுதுபவன் கை பிசகினும், இருபதின் ஒன்பதாம் வலு பிசகாது.

தமிழிலும் பாளியிலும் எண்ணைப் பொதிந்த செய்யுள்கள் பல உள. அளவைகள், காலக் கணக்குகள், படைத்தொகைகள் என அவை பல திறத்தன. அவற்றுள் எவை உண்மையான கணக்கின் விடைகள், எவை வெறும் மிகைக் கூற்றுகள் என்பதைப் பிரித்தறிவதற்கு இலக்கணப் புலமையோடு காரணிப்படுத்தும் பழக்கமும் வேண்டும். மொழித்துறை மாணவரும் கணிதத்துறை மாணவரும் ஒரே ஏட்டை ஒருங்கிருந்து வாசிப்பாராயின், இதுவரை உயர்வுநவிற்சி என ஒதுக்கப்பட்ட தொகைகள் சில கணக்காகவே வெளிப்படுதல் கூடும்.